பிரிந்த பெற்றோரும் கடல் கடக்கும் பிள்ளையும்

கணவனும் மனைவியும் பிரிந்த பின் ஒருவர் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விரும்பி, மற்றவர் மறுக்கும்போது எழும் வழக்கு, வெளிப்பார்வைக்கு ஒரு கையெழுத்தைப் பற்றியது. இலங்கையில் 16 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தாய் தந்தை இருவரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கிறது. விவாகரத்தானவர்கள் பிள்ளை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் இட்ட கட்டளையைக் காட்ட வேண்டும். சட்டத்தின் வேலை அந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. அறத்தின் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? பிள்ளை பெற்றவரின் உடைமை என்பதாலா, பிரிவு அவருக்குத் தரும் வலியாலா, பிள்ளையின் நலனைக் காக்கும் காவலர் அவர் என்பதாலா? எந்த விடையை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து வழக்கின் முடிவும் மாறும்.

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக வரும் பாதை நல்லதண்ணியில் முடிகிறது. சிவனொளிபாத மலைக்குப் படிகள் தொடங்கும் இடம் அது. 2,243 மீற்றர் உயரத்தில் உள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவனுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். முஸ்லிம்கள் ஆதமுடையது என்பர். கிறிஸ்தவர்களிற் சிலர் ஆதமையும் வேறு சிலர் புனித தோமையாரையும் சொல்வர். மார்கழிப் போயா முதல் வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் அது தேயிலைத் தோட்டங்களின் ஊர். இந்த மலையடியில் வந்து கூடும் சமயங்கள் பிள்ளை யாருக்கு உரியது, அதை யார் எங்கே கொண்டுபோகலாம் என்ற கேள்வியைத் தத்தம் நூல்களில் நேராகவே சந்தித்திருக்கின்றன. ஆகவே இந்த ஊரிலிருந்து அந்தக் கேள்வியைப் பார்ப்பதற்கு நியாயம் உண்டு.

தோட்டத் தொழிலாளரின் லயத்து வாழ்க்கையில் பிரிவு மாவட்ட நீதிமன்றம் வரை போவது குறைவு. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் இருக்கும் லயத்துக்குப் போய்விடுவாள். கணவன் கொழும்பில் ஒரு கடையிலோ ஹோட்டலிலோ வேலைக்குச் சேர்ந்து, மாதம் ஒருமுறை வந்து, பின்பு திருவிழாவுக்கு மட்டும் வந்து, பின்பு வராமலே போய்விடுவான். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோன திருமணமானால் விவாகரத்துக் கட்டளை என்று காட்ட ஒரு காகிதமும் இருக்காது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் இருக்கும் சித்தி வீட்டில் பிள்ளையைப் படிக்கவைக்கலாம் என்றோ, வெளிநாட்டில் இருக்கும் மாமா கூப்பிடுகிறார் என்றோ தாய் கடவுச்சீட்டுக்குப் போகும்போதுதான் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அது மூன்று விதமாக இல்லாமற் போகலாம். தந்தை உண்மையாகவே மறுத்திருக்கலாம். ஆள் இருக்கும் இடமே தெரியாமல் இருக்கலாம். அல்லது பராமரிப்புப் பணம் கேட்டுப் போட்ட வழக்கை வாபஸ் வாங்கினால் போடுகிறேன் என்று அவன் பேரம் பேசலாம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்கும் கருமபீடத்தில் இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஓர் இடம் நிரப்பப்படவில்லை. அறநோக்கில் மூன்றுக்கும் இடையே பெருந்தூரம் உண்டு.

பிள்ளை உடைமை என்ற எண்ணம் மிகப் பழையது. பல இடங்களில் சட்டமாகவே இருந்தது. வசிட்ட தர்மசூத்திரம் தத்து கொடுப்பதைப் பற்றிய பகுதியில், தாய் தந்தையின் உடற்கூறிலிருந்து பிள்ளை தோன்றுவதால் அதைக் கொடுக்கவும் விற்கவும் கைவிடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்று தொடங்குகிறது. உடனே அதற்கு வரம்பும் கட்டுகிறது: ஒரே மகனைக் கொடுக்கக்கூடாது, பெண் தன் கணவனின் அனுமதி இன்றி மகனைக் கொடுக்கவோ ஏற்கவோ கூடாது. மனைவியின் அனுமதியைக் கணவன் பெற வேண்டும் என்று அது சொல்லவில்லை. உரோமாபுரியின் சட்டம் குடும்பத் தலைவனுக்குப் பிள்ளையின் உயிர்மேலும் அதிகாரம் தந்தது. காலப்போக்கில் அது மென்மையாகி, ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்த உரோம-டச்சுச் சட்டத்தில், திருமணம் நிலைத்திருக்கும்வரை பிள்ளையை வைத்திருப்பதில் தந்தைக்கே முன்னுரிமை என்ற வடிவில் எஞ்சியது.

மலையகத் தமிழருக்கு இந்த எண்ணம் நூலில் படித்த செய்தியாக மட்டும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையரா என்பதை அவருடைய தந்தை இங்கே பிறந்தாரா, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டு முடிவுசெய்தது. பிள்ளையைப் பெற்ற தாய் இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மலையிலேயே கொழுந்து பறித்திருந்தாலும் அது கணக்கில் வரவில்லை. தாய் வழியாகவும் குடியுரிமை வரலாம் என்பது 2003ஆம் ஆண்டின் திருத்தத்தோடுதான் சட்டமாயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவும் வகைசெய்தது. அந்தத் தொகைகளோடு சேர வேண்டிய பிள்ளைகளை அது இயற்கைப் பெருக்கம் என்று குறித்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய பிள்ளைகளின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர்கள் பெற்றோரின் விருப்பமும் இரு அரசுகளின் எண்ணிக்கைக்குள் அடங்கியே நின்றது. பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளையைக் கொண்டுபோவதை மட்டுமே அநீதி என்று பேசும்போது, அரசே பிள்ளைகளைத் தொகையாக்கி அனுப்பிய இந்த வரலாற்றையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

உடைமை என்ற எண்ணத்தைச் சைவ சித்தாந்தம் வேரிலேயே மறுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் வழியில், இறைவனாகிய பதி, உயிராகிய பசு, உயிரைப் பிணிக்கும் பாசம் என்னும் மூன்றும் தொடக்கம் இல்லாதவை. உயிரை இறைவனும் படைக்கவில்லை. பெற்றோர் எங்ஙனம் படைப்பர்? உயிருக்கு அதன் வினைக்கு ஏற்ப உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் கூட்டப்படுகின்றன. அந்தக் கூட்டுறவுக்குத் தாய் தந்தையர் வாயில்கள். இன்ன வீட்டில் வந்து பிறந்த உயிர் அந்த வீட்டாரைவிட முதியதாகவும் இருக்கலாம்; இளையது என்பது உடலைப் பற்றிய பேச்சு மட்டுமே. இந்தக் கொள்கையை ஏற்பவர் என் பிள்ளை, நான் முடிவுசெய்வேன் என்று சொல்வதற்கு இடமில்லை. வந்த உயிரை வளர்க்கும் பொறுப்பு மட்டுமே அவர் கையில் இருக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், பெறுதல் தாய்க்கும் சான்றோனாக்குதல் தந்தைக்கும் கடன் என வகுத்து, வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லனையும் நல்வழி காட்டும் வேந்தனையும் அதே வரிசையில் வைக்கிறார். பெற்றோரின் உரிமைப் பட்டியல் அங்கே இல்லை. ஊரும் அரசும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்குப் பட்ட கடனே பேசப்படுகிறது.

வேறொரு கண்டத்தில் ஏறத்தாழ இதே வாதத்தை ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். பெற்றதால் பிள்ளை தந்தைக்கு உடைமை என்றால், உயிர் கொடுத்தவர் தந்தை என்றாக வேண்டும்; உயிர் என்பது என்ன என்றே அறியாதவர் அதைக் கொடுத்தேன் என எப்படிச் சொல்வார் என்று அவர் கேட்டார். தந்தையதிகாரம் என்ற சொல்லே தவறு, தாய்க்கும் சம பங்கு உண்டு என்றவர், கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளைகள் எல்லாரும் தாயோடு போகும் அமெரிக்கப் பகுதிகளையும் சான்றாகக் காட்டினார். 1797இல் கான்ட் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தார்: கேளாமலே ஓர் ஆளை உலகுக்குக் கொண்டுவந்துவிட்டோம்; ஆதலால் அந்த நிலையில் அவர் மனநிறைவோடு வாழச் செய்வது கொண்டுவந்தவர்களின் கடமை. ஆனால் ஓடிப்போன பிள்ளையைப் பொருளைப் போல மீட்டுவரும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றும் அவரே எழுதினார். உடைமை என்ற கருத்தை முன்வாசலில் வெளியே அனுப்பினாலும், பிள்ளை கண்ணெதிரே இல்லாமற்போகும் நேரத்தில் அது திரும்பி வந்துவிடுகிறது.

உடைமையின் இடத்தில் வேறு எதை வைப்பது என்பதற்கு மிகத் தெளிவான விடை பௌத்த விநயத்தில், மகாவக்கத்தில் கிடைக்கிறது. அந்த நிகழ்ச்சியே பிரிந்த பெற்றோரின் பிள்ளையைப் பற்றியது. துறவு பூண்டு ஞானம் பெற்ற பின் புத்தர் கபிலவத்துவுக்கு வருகிறார். ராகுலனின் தாய், அதோ போகிறவர்தான் உன் தந்தை, போய் உன் பங்கைக் கேள் என்று மகனை அனுப்புகிறாள். மரபு அப்போது அவனுக்கு ஏழு வயது என்கிறது. சிறுவன் பின்னாலேயே நடந்து போய்க் கேட்கிறான். புத்தர் சாரிபுத்திரரை அழைத்து அவனைத் துறவியாக்கச் சொல்கிறார். அவரிடம் கொடுக்க வேறு சொத்து இல்லை. அந்த வகையில் தந்தை கொடுத்த பங்கு அது. ஆனால் அரண்மனையில் இருந்த தாய் மகனைக் கேட்டுவரத்தான் அனுப்பினாள், விட்டுக்கொடுக்க அனுப்பவில்லை.

செய்தி கேட்டுப் பாட்டனார் சுத்தோதனர் வருகிறார். அவர் தம் அதிகாரத்தைப் பற்றியோ சாக்கியர் வமிசத்தைப் பற்றியோ அங்கே வாதாடவில்லை. நீ போனபோது எனக்குத் துன்பம் சிறிதன்று. உன் தம்பி நந்தன் போனபோதும் அப்படியே. ராகுலன் போனதோ எல்லை கடந்தது என்கிறார். பிள்ளைமேல் உள்ள பாசம் தோலை அறுத்து, தசையை அறுத்து, நரம்பையும் எலும்பையும் அறுத்து மச்சைக்குள் போய் நிற்கிறது என்று உடம்பை அடுக்கடுக்காகக் காட்டிச் சொல்கிறார். பின்பு ஒரு வரம் கேட்கிறார்: தாய் தந்தையரின் அனுமதி இன்றி இனி எந்தப் பிள்ளையையும் துறவியாக்க வேண்டாம். புத்தர் அதை விதியாக்குகிறார். கண்டி மல்வத்தையிலும் அஸ்கிரியவிலும் உபசம்பதா என்னும் முழுத்துறவு பெற வருகிறவரிடம் சங்கத்தின் முன் கேட்கப்படும் கேள்விகளில், தாய் தந்தையின் அனுமதி பெற்றிருக்கிறாயா என்பதும் ஒன்று.

இந்த விதியின் அடிப்படையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். துறவு உயர்ந்தது என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை. பிள்ளைக்குக் கிடைக்கப்போவது நன்மை என்று கொண்டுபோனவர் முழுமனதாக நம்பினார். அப்படியிருந்தும், பின்னால் நிற்பவரின் வலி கேட்கப்பட வேண்டிய ஒன்று என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. சம்மதத்தின் வேர் அங்கே உறவில் இருக்கிறது. பிள்ளையோடு வாழ்ந்து, பிள்ளையால் தன் உடம்புக்குள்ளே மாறிப்போனவருக்கு, அந்த உறவை அறுக்கும் முடிவில் சொல் உண்டு. இதை ஏற்றால் கொழும்பில் மறைந்துபோன தந்தையின் நிலையும் விளங்கும். மச்சை வரை எதுவும் போகாத ஒருவர், பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் அதே வலிமையோடு பேச முடியாது. ராகுலனின் தந்தையும் வீட்டைவிட்டுப் போனவர்தானே என்று கேட்கலாம். அதனால்தான் விதி அவருக்கு எதிராகவே அமைந்தது. அவர் அதை ஏற்றும்கொண்டார்.

உறவின் வலியைக் கேட்பது போதாது, பிள்ளையின் குரலும் வேண்டும் என்பதற்கு இன்னொரு பௌத்தக் கதை சாட்சி. வெசாக் தோரணங்களில் படம்படமாக எழுதப்படும் வெஸ்ஸந்தர ஜாதகத்தில், நாடு கடத்தப்பட்ட அரசன் தன் மகன் ஜாலியையும் மகள் கண்ஹாஜினாவையும் ஜூஜகன் என்னும் அந்தணனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறான். தாய் மத்தி கனி பறிக்கக் காட்டுக்குப் போயிருந்த நேரம் அது. அவள் சீக்கிரம் திரும்பிவிடாதபடி தேவர்கள் சிங்கமாகவும் புலியாகவும் சிறுத்தையாகவும் வழியில் நிற்கிறார்கள். நடந்து முடிந்த பிறகே அவளுக்குச் சொல்லப்படுகிறது; அவளும் ஏற்கிறாள். ஏற்காமல் அவள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கதை கேட்கவில்லை. ஆனால் மிலிந்த மன்னன் கேட்டான். மிலிந்தபஞ்ஹாவில் அவன் நாகசேனரிடம், கொடுக்கப்பட்டவர்கள் சம்மதித்தார்களா என்று வினவுகிறான். மனைவி சம்மதித்தாள், பிள்ளைகள் சிறியவர்கள் ஆதலால் அழுதார்கள், பொருள் விளங்கியிருந்தால் அவர்களும் மகிழ்ந்திருப்பார்கள் என்பது நாகசேனரின் விடை.

விளங்கியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கும் என்ற இந்த வாதம் பிள்ளைகளைப் பற்றிய ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பிலிருந்தும் வருகிறது. அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, வளர்ந்தபின் நன்றி சொல்லும் என்பார் கொண்டுபோகிறவர். பாட்டியை விட்டுப் போனதற்காக வளர்ந்தபின் வருந்தும் என்பார் தடுப்பவர். வாதம் தன்னளவில் பொய்யன்று. சிறு பிள்ளையால் எல்லாவற்றையும் எடைபோட முடியாது. ஆயினும் ஜாலி தந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, தாய் வரும்வரையாவது பொறுங்கள் என்று கெஞ்சினான் என்பதைக் கதையே மறைக்கவில்லை. அவன் கேட்டது தெளிவான, நியாயமான, சிறிய கோரிக்கை. அதை விளங்காமையின் அழுகை என்று ஒதுக்கியது நாகசேனரின் விடையில் உள்ள பெருங்குறை.

இருவரும் சம்மதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியைப் பெரியபுராணம் எழுப்புகிறது. சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டு வந்த பைரவ அடியார் விதித்த நிபந்தனையில் ஐந்து வயது ஒரே மகனும், தாய் பிடிக்கத் தந்தை அரிவதும், இருவர் மனமும் குறையின்றி உவப்பதும் அடங்கும். இரு பெற்றோரின் முழுச் சம்மதம் இதைவிடத் திட்டமாக எங்கும் கேட்கப்பட்டதில்லை. அதை அன்பின் எல்லை என வணங்கும் அடியவரும், அந்த மகன் சீராளனை இறைவன் திரும்ப அழைத்துத் தந்தான் என்பதால்தான் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். மனிதர் நடத்தும் வழக்கில் அப்படித் திருப்பித் தருவார் எவருமில்லை. ஆகவே சம்மதம் தேவையான ஒன்றானாலும் அதுவே போதுமானதாகாது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர் இந்தப் பிரச்சினையை நேராகப் பயணம் என்ற தலைப்பிலேயே எடுத்துப் பேசினர். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ வழியில், 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதிய மின்ஹாஜ் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்கிறது. பிரிந்த பெற்றோரில் ஒருவர் ஒரு தேவைக்காகப் போய்த் திரும்புவதானால், பிள்ளை ஊரில் இருப்பவரிடமே இருக்கும். குடிபெயர்ந்து போவதானால், வழியும் போய்ச் சேரும் இடமும் பாதுகாப்பாக இருந்தால் தந்தைக்கு முன்னுரிமை. வமிசம் காக்கப்பட வேண்டும் என்பது காரணம். ஹனஃபிகள், தன் திருமணம் நடந்த சொந்த ஊருக்குத் தாய் பிள்ளையோடு திரும்பலாம் என்றனர். தந்தைக்கு முன்னுரிமை தரும் காரணம் இன்று பலருக்கும் ஏற்புடையதாக இராது. ஆனால் பயணம் வேறு, குடிபெயர்வு வேறு என்ற பகுப்பும், வழியின் பாதுகாப்பைத் தனியே கேட்கும் அக்கறையும் காலம் கடந்தவை அல்ல. இரண்டு வார விடுமுறைக்கும் நிரந்தரமாகப் போய்விடுவதற்கும் ஒரே சம்மதக் கடிதம் போதும் என்னும் நடைமுறையைவிட அது ஆழமாகச் சிந்தித்திருக்கிறது.

இரு பெண்கள் ஒரு குழந்தைக்கு உரிமை கொண்டாடிய கதையும் இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. விவிலியத்தில் சாலமோன் வாளைக் கேட்கிறார். சிங்களத்தில் பெரிதும் போற்றப்படும் உம்மக்க ஜாதகத்தில் மகோசத பண்டிதர் தரையில் கோடு கிழித்துக் குழந்தையை அதன்மேல் கிடத்தி, ஒருத்தியைக் கையையும் மற்றவளைக் காலையும் பிடித்து இழுக்கச் சொல்கிறார். குழந்தை வீறிட்டதும் விட்டுவிட்டு நின்று அழுதவள் தாய் என்று தீர்ப்பாகிறது. பிரிந்த பெற்றோருக்கு இந்தக் கதையைச் சொல்லி, உண்மையான அன்பு இருந்தால் விட்டுக்கொடு என்று அறிவுரை கூறும் பெரியவர்கள் தோட்டங்களிலும் உண்டு, நகரங்களிலும் உண்டு. அந்த அறிவுரை ஆபத்தானது. கதையில் ஒருத்தி பொய் சொன்னாள். இங்கே இருவருமே பெற்றவர்கள். கதையில் விட்டவளிடம் குழந்தையைத் தூக்கிக் கொடுக்க ஒரு பண்டிதர் அருகில் நின்றார். விமான நிலையத்தில் அப்படி ஒருவர் நிற்பதில்லை. விட்டுக்கொடுத்தவரின் கை வெறுங்கையாகவே இருந்துவிடும், இழுத்தவர் கொண்டுபோய்விடுவார்.

அந்தப் பண்டிதரின் இடத்தை நிரப்பும் முயற்சியாக 1980 ஒக்டோபர் 25இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஒரு பெற்றோர் மற்றவரின் உரிமையை மீறி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்ப வேண்டும்; யாரிடம் வளர்வது என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் முடிவுசெய்யும். மற்றவர் சம்மதித்திருந்தால், திரும்புவதால் பிள்ளைக்குக் கடும் ஆபத்து நேருமானால், அல்லது போதிய வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தானே மறுத்தால் அனுப்பாமல் விடலாம். முதலில் ஓடியவர் வெல்லக்கூடாது என்பதே இதன் அறம். இலங்கை 2001இல் இதில் சேர்ந்து, அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டிலும் நடைமுறைப்படுத்தியது. ஆனால் மலையகத்துக்கு உறவும் தொழிலும் மிகுதியாக உள்ள நாடுகள் இதற்கு வெளியே நிற்கின்றன. இந்தியா சேரவில்லை, சவுதி அரேபியாவும் குவைத்தும் சேரவில்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2009இல் 218ஆம் அறிக்கையில் சேரும்படி பரிந்துரைத்த பின்னும் நிலை மாறவில்லை. பிரிந்த கணவனிடம் சொல்லாமல், அல்லது மனைவியிடம் சொல்லாமல், நல்லதண்ணியிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைக்காக இந்த உடன்படிக்கையின் கதவைத் தட்ட முடியாது.

இந்தியாவில் அத்தகைய வழக்குகள் ஆட்கொணர்வு மனுவாகவே வருகின்றன. கோயம்புத்தூரைச் சார்ந்த ஒரு வழக்கில், இங்கிலாந்தில் வாழ்ந்த தம்பதியரில் மனைவி 2012இல் இரு மகள்களுடன் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கிலாந்து நீதிமன்றம் பிள்ளைகளைத் தன் பாதுகாப்பில் ஏற்றது. 2015 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பயனுள்ள முதற்கட்டளையை இட்ட அந்நிய நீதிமன்றத்துக்கு மதிப்புத் தந்து, பிள்ளைகள் அங்கே திரும்ப வேண்டும் என்றது. 2017 ஜூலையில் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, அந்த அணுகுமுறையிலிருந்து விலகினர். வெளிநாட்டுக் கட்டளை எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று கூறி, இதய நோயுள்ள சிறுமியைத் தாயிடமே விட்டனர். இரண்டு தீர்ப்புகளும் பிள்ளையின் நலனைத்தான் சொல்கின்றன. முதலாவது, ஓடிவருவதை ஊக்குவிக்காமல் இருப்பதில் எல்லாப் பிள்ளைகளின் நலனையும் பார்க்கிறது. இரண்டாவது, எதிரே இருக்கும் இந்த ஒரு பிள்ளையின் நலனைப் பார்க்கிறது. பொதுவிதியும் தனிக்கருணையும் மோதும் இந்த இடத்தில் இரண்டாவதே நீதிக்கு நெருக்கமானது. பிள்ளையைப் பிறருக்கான எச்சரிக்கையாகப் பயன்படுத்துவதும் அதைப் பொருளாக நடத்துவதுதான். ஆனால் ஓடிவந்தபின் கழியும் ஒவ்வொரு மாதமும், பிள்ளை புதிய இடத்தில் வேர்விடுவதால், ஓடியவரின் பக்கமே சாயும் என்பதை இந்த முடிவு தீர்க்கவில்லை. விரைவான விசாரணை ஒன்றே அதற்கு மாற்று.

நல்லதண்ணியைச் சுற்றிய தோட்டங்களில் சம்மதம் என்ற சொல் இன்னொரு வடிவில்தான் மிகுதியாகக் காதில் விழும். அங்கே பெரும்பாலும் கடல் கடப்பது தாய். பிள்ளை பாட்டியிடமும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்திலும் இருந்துவிடுகிறது. வீட்டுவேலைக்கு மத்திய கிழக்கு செல்லும் பெண்களிடம் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் நடந்து, பிள்ளையை யார் பார்ப்பார் என்று காட்டி, கணவனின் ஒப்புதலையும் பெற வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகவே முடியாமல் இருந்தது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. வெளிநாடு போகும் தந்தையிடம் அத்தகைய அறிக்கையை எவரும் கேட்கவில்லை. பிள்ளையின் நலன் என்று தொடங்கிய விதி, தாயின் உழைப்பின்மேல் கணவன் வைத்திருக்கும் அதிகாரமாகப் போய் முடிகிறது. குடித்துவிட்டு அடிக்கிறான் என்று பிரிந்து வந்தவள், கடன் அடைக்க வழி தேடும்போது, அதே ஆளிடம் கையெழுத்துக்காகத் திரும்பிப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சுத்தோதனர் கேட்ட வரத்துக்கும் இதற்கும் உறவில்லை. அந்த வரம் பின்னால் நிற்பவரின் வலியைக் கேட்கச் சொன்னது; ஒருவரின் கழுத்தில் மற்றவர் கயிறு கட்டச் சொல்லவில்லை. உறவின் வலியே அளவுகோல் என்றால், தந்தை போனாலும் தாய் போனாலும் பிள்ளையிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே.

இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 10ஆம் உறுப்புரை, வேறு வேறு நாடுகளில் வாழும் பெற்றோர் இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கும் உரிமையைப் பிள்ளைக்கே தருகிறது. 12ஆம் உறுப்புரை தன்னைப் பற்றிய முடிவில் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பத் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. இதன்படி சம்மதக் கடிதத்தின் பொருளே வேறாகிறது. தந்தை கையெழுத்திடும்போது தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தன்னோடு உள்ள உறவு தொடரும் என்ற உறுதியை ஏற்கிறார். மறுக்கும்போது, அந்த உறவு அறுந்துபோகும் என்பதைக் காட்ட வேண்டியவராகிறார். அறுந்துபோக எதுவும் மிஞ்சியிராத இடத்தில் மறுப்புக்கு எடை இல்லை. பேரத்துக்காகப் பிடித்துவைத்த கையெழுத்துக்கும் எடை இல்லை.

இதை நடைமுறையாக்கும் அதிகாரம் உரோம-டச்சுச் சட்டத்திலேயே நெடுங்காலமாக உண்டு. நீதிமன்றம் பிள்ளைகளுக்கெல்லாம் மேலான பாதுகாவலர் என்பது அதன் கொள்கை. பெற்றோரின் மறுப்பு பிள்ளையின் நலனுக்கு மாறானால், ஆளே கிடைக்காவிட்டால், நீதிமன்றம் அந்தச் சம்மதத்தின் இடத்தில் தன் கட்டளையை வைக்கலாம். கட்டளையோடு நிபந்தனைகளும் வரலாம்: எந்தத் திகதியில் திரும்புவது, எந்த முகவரியில் தங்குவது, வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் தொலைபேசியில் பேசுவது, பள்ளி விடுமுறையில் யார் செலவில் வந்து போவது. ஒரு பயணத்துக்கு வேண்டிய கட்டளையும் குடிபெயர்வுக்கு வேண்டிய கட்டளையும் வேறாக எழுதப்பட வேண்டும். தோட்டத்துத் தாய்க்கு இதில் உள்ள தடை கொள்கையில் இல்லை. ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடுகின்றன. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இருப்பதில்லை. கொண்டுபோகும் பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்துவதே தனி அலைச்சல். சட்ட உதவி ஆணைக்குழுவின் வழியாக இலவசமாக மனுப்போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தில் குடும்பப் பின்னணி அறிக்கையை எழுதும் அதே உத்தியோகத்தர், கையெழுத்து கிடைக்காத தாயை அந்த ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைப்பதைத் தம் வேலையாகக் கொண்டால், மறைந்துபோனவரின் வெற்றுக் கட்டம் பிள்ளையின் வழியை அடைத்து நிற்காது.